ஆறு மணி நேரத்துக்கு ஒரு வரி

8.1.2024

அன்புத் தம்பி ஆரோக்கியராஜுக்கு,

அக்கா சகாயமேரி எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரி அன்பரசியின் இருமல் நின்றதா?

நான் நர்ஸாக இருக்கும் ஊரின் பெயரைக் கடிதத்தில் எழுதுவதில்லை, உனக்குத் தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டை டிசம்பரில் எங்கள் பக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் போன் பேச இரண்டு நிமிடம்தான். பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். இன்டர்நெட் உண்டு. ஆனால் அரசாங்கம் விடுகிற பத்துப் பதினைந்து பக்கங்களைத் தவிர எதுவும் திறக்காது.

மூன்று வருடம் முன்பு லீவில் வந்தபோது நம் வீட்டு அலமாரியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. என்னடா இது என்று கேட்டேன். “யாருக்கோ வழி விடறேங்க்கா” என்றாய். உலகத்தில் எங்கேயோ இருப்பவர்கள் அனுப்புவது மூன்று இடம் தாண்டிப் போகும், அதில் நம் வீடும் ஒன்று, யார் அனுப்பினார்கள், எங்கே போகிறது என்று எந்த ஓர் இடத்துக்கும் முழுதாகத் தெரியாது என்று விளக்கினாய். உனக்கு வேறு வேலை இல்லையா என்று நான் சிரித்தேன்.

இங்கே ஒரு டாக்டரிடம் அந்த வழியில் போவதற்கான செயலி இருக்கிறது. திறந்தால் பத்து சதவீதத்தில் நின்றுவிடுகிறது. எங்களுக்கும் ஒரு வழி விட முடியுமா? எதற்கு என்று கேட்காதே.

கடிதம் கொண்டு வருபவள் பாப்பாரப்பட்டி காவேரி. என்னோடு வேலை பார்க்கிறாள். மாதக் கடைசியில் திரும்பி வருவாள். பென்டிரைவ், மெமரி கார்டு எதையும் இங்கே விமான நிலையத்தில் விடுவதில்லை. காகிதத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் பதில் காகிதத்தில் மட்டும்.

அம்மாவிடம் சண்டையைப் பற்றிப் பேசாதே.

உன் அக்கா,
மேரி


மொரப்பூர்
27.1.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ராஜு எழுதறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். அன்பரசிக்கு இருமல் நின்னுடுச்சு. அம்மா மாடிப்படி ஏறறதை மட்டும் விட்டுட்டாங்க. நீ வேளைக்குச் சாப்பிடறியா?

நீ கேட்டதுக்கு வழி இருக்கு. என் மெஷினோட முகவரி ஊரறிஞ்ச முகவரி. இந்த வலையில வழி விடறவங்க எல்லாரோட முகவரியும் பட்டியலா வெளியில கெடக்கு. உங்க ஆளுங்க அந்தப் பட்டியலை எடுத்து மொத்தமா பூட்டியிருப்பாங்க. அதான் பத்துல நிக்குது. பட்டியல்ல இல்லாத வாசல் ஒண்ணு வைக்கலாம். அதுக்குப் பேரு பாலம். முகவரி தெரிஞ்சவங்க மட்டும்தான் அதுல வர முடியும். நடுவுல நின்னு பார்க்கிறவனுக்கு வெறும் இரைச்சலாத்தான் தெரியும்.

பழைய மெஷினை நிறுத்திட்டு, இன்டர்நெட் வர்ற கேபிள் பாக்ஸை அணைச்சுப் போட்டுப் புது முகவரி வாங்கி, உனக்குன்னே ஒரு பாலம் போட்டுட்டேன். இதை நான் யாருக்கும் சொல்லல. உலகத்துல இந்தக் காகிதத்துல மட்டும்தான் இருக்கு.

பின்னால தனித்தாள்ல எழுதியிருக்கிற பாலத்து முகவரி ஒரே வரி, நூத்தம்பது எழுத்துக்கு மேல. ஒண்ணு தப்பினாலும் திறக்காது. பெரிய எழுத்துக்கு மேல சிவப்புக் கோடு போட்டிருக்கேன். எண்ணுக்கெல்லாம் கீழ பச்சைக் கோடு. பூஜ்யத்துக்கு நடுவுல ஒரு புள்ளி. அன்பரசி சத்தமாப் படிக்க, நான் விரல் வச்சு மூணு தடவை சரிபார்த்தேன். வேதபாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க.

எதுக்குன்னு கேட்கல.

தம்பி
ராஜு


2.3.2024

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

காவேரி பத்திரமாக வந்து சேர்ந்தாள். வழியில் எல்லை மூடிக் கிடந்ததால் இருபத்து நான்கு நாள் ஆகிவிட்டது. நீ எழுதிய வரியை டாக்டர் நான்கு தடவை அடித்தார். பிறகு நான் இரண்டு தடவை. ஓர் எழுத்தும் தப்பவில்லை. பத்தைக்கூடத் தொடவில்லை. “பாலத்தை அடைய முடியவில்லை” என்றே சொல்கிறது.

அவசரமில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவசரம், தம்பி.

இதைத் தமிழ் தெரிந்த ஒரு லாரி டிரைவர் துறைமுகத்தில் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பதிலை அவர் தரும் முகவரிக்கே அனுப்பு. உறையின் பின்புறம் இருக்கிறது.

மேரி


மொரப்பூர்
24.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க நலம். இன்னைக்குக் குருத்தோலை ஞாயிறுக்குச் சர்ச்சுக்குப் போனோம். அம்மா உன் பேருக்குத் தனியா ஒரு ஓலை கொண்டாந்து வச்சிருக்காங்க.

தப்பு என்னுது. உன் கடிதம் வந்ததும் மெஷின் எழுதி வச்சிருந்த குறிப்பையெல்லாம் உக்காந்து படிச்சேன். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி இங்க மூணு மணி நேரம் கரண்ட் இல்ல. கரண்ட் வந்தப்ப பாக்ஸ் தானா வேற முகவரி வாங்கிக்கிச்சு. எந்தத் தந்திரத்துல உனக்குப் புது முகவரி வாங்கினேனோ, அதே தந்திரம் அதைக் கெடுத்துடுச்சு. உன் கைக்கு என் காகிதம் வந்து சேரும்போது அந்த முகவரி செத்துப்போயிருந்துச்சு. ஊரு முழுக்கக் கேபிள் இழுக்கிறவன் நான். எனக்கே இது தோணல பாரு. ரெண்டு நாள் சாப்பிடல.

நிரந்தர முகவரி கேட்டுத் தருமபுரி இன்டர்நெட் ஆபீசுக்குப் போனேன். அங்க சந்திரமோகன்னு ஒரு சார்.

“வூட்டுக்கு எதுக்குங்க நிரந்தர முகவரி? கம்பெனிக்குத்தான் கேப்பாங்க.”

“எங்க அக்கா வெளியூர்ல இருந்து வூட்டு மெஷினுக்கு வரணுங்க சார். முகவரி மாறினா அவங்களால கண்டுபிடிக்க முடியாதுங்க.”

“போன் பண்ணி மாத்தினதைச் சொல்லிட வேண்டியதுதானே?”

“சொல்ல முடியாத இடத்துல இருக்காங்க சார்.”

பேப்பரை இழுத்து வச்சுக்கிட்டு அவரே பூர்த்தி பண்ணினாரு. எட்டு நாள்ல முகவரி வந்துடுச்சு. இனி கரண்ட் போனாலும் மாறாது. மெஷினோட சாவி இருக்கிற ரெண்டு கோப்புறையையும் பென்டிரைவ்ல எடுத்து வச்சுட்டேன். மெஷினே போனாலும் அந்தச் சாவி இருந்தா நீ கையில வச்சிருக்கிற வரி செல்லும்.

இந்தத் தடவை ஒரே வரியை ரெண்டு தாள்ல எழுதியிருக்கேன். ஒண்ணு டிரைவர் முகவரிக்கு. இன்னொண்ணு இங்கிருந்து கப்பல்ல சமையலுக்குப் போற ஒருத்தர் கையில.

தம்பி
ராஜு


மொரப்பூர்
29.4.2024

அன்புள்ள அக்கா,

நலமா இருக்கியான்னு கேட்கக்கூட பொறுமை இல்ல. முதல்ல இதைச் சொல்லிடறேன்.

இந்த மெஷின் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு வரி எழுதும். கடந்த ஆறு மணி நேரத்துல இத்தனை தனித்தனி ஆளுங்க வந்தாங்கன்னு. யாரு, எங்கிருந்து, என்ன பண்ணாங்க, எதுவும் எழுதாது. எண்ணிக்கை மட்டும். ஒரு மாசமா பூஜ்யம். வேலைக்குப் போகும்போது பார்ப்பேன், பூஜ்யம். வந்து பார்ப்பேன், பூஜ்யம். அன்பரசி திரையைத் துணி போட்டு மூடிட்டா.

நேத்து ஞாயித்துக்கிழமை. கறிக்கொழம்பு தின்னுட்டு, துணியை எடுத்துப் பார்த்தேன்.

ஒண்ணு.

அக்கா, எனக்கு மயிர்க்கூச்செடுத்துடுச்சு. அந்த வரி உலகத்துல உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. அப்போ அது நீ. எத்தனை கடல் தாண்டி, எத்தனை காவல் தாண்டி, இந்த அலமாரிக்குள்ள நீ வந்துட்டுப் போயிருக்க. அம்மாவைக் கூட்டியாந்து காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னாலும் எண் தெரியும். விரலால தொட்டுப் பார்த்தாங்க. “இது மேரியா?”ன்னாங்க. ஆமாம்மான்னேன். “சாப்பிட்டியான்னு கேளு”ன்னாங்க.

ராஜு


20.5.2024

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். காவேரியும் நலம். அம்மாவை வெயிலில் அலைய விடாதே.

நீ கேட்காமல் விட்ட கேள்விக்கு இங்கே பதில் எழுதவில்லை. இந்தக் கடிதம் எத்தனை கை மாறும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு அந்த வழியிலேயே நான்கு வரி எழுதிவிடலாமே என்று நீ நினைப்பாய். எழுத மாட்டேன். இங்கே ஜெனரேட்டர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சொந்தமானதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் வீட்டுக்கு இனி ஆட்கள் கூடுதலாக வருவார்கள். யார் என்று கேட்காமல் விடு.

மேரி


மொரப்பூர்
16.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க எல்லாரும் நலம். உன் உடம்பைப் பத்தி நீ எழுதற “நலம்” ஒவ்வொரு கடிதத்துலயும் சின்னதாகிட்டே வருது. கொஞ்சம் பெருசா எழுது.

நீ சொன்ன மாதிரியே வராங்க. மே கடைசியில ஒம்பது. ஜூன் மூணாம் தேதி நாப்பது. போன வாரம் தொண்ணூத்தாறு. இன்னைக்குக் காலையில இருநூத்திப் பன்னெண்டு. மொரப்பூர் ஸ்டேஷன்ல ஒரே நேரத்துல இத்தனை பேர் இறங்கி நான் பார்த்ததில்ல.

இவ்வளவு பேர் வந்தும் மெஷின் திணறல. மொத்தமா எவ்வளவு போச்சுன்னு பாக்ஸ் காட்டும்; அவங்க எடுத்துட்டுப் போறது ரொம்பக் கொஞ்சம். படம் பார்க்கிறவங்க, பாட்டு கேக்கிறவங்க இல்ல. ஒரு சின்னப் பக்கத்தைத் திறந்து பார்த்துட்டு உடனே போயிடறாங்க போல. மறுநாளும் அதே அளவு ஆளுங்க வராங்க. அப்படி என்ன அங்க இருக்கும்னு அன்பரசி கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் முடியாது, அப்படித்தான் இதைச் செஞ்சிருக்காங்கன்னேன். “முகம் தெரியாத இருநூறு பேரு நம்ம வூட்டு வழியா நடந்து போறாங்க, ஒரு காலடிச் சத்தம்கூட இல்ல”ன்னு சொல்லிட்டு, அலமாரியில இருந்த துணிமணியையெல்லாம் வேற எடத்துக்கு மாத்தினா. அந்தத் தட்டைத் தெனமும் தொடைக்கிறா.

நம்ம நாட்டு ஆளுங்களைத் திரும்பக் கூட்டியார விமானம் விடப் போறாங்கன்னு பேப்பர்ல போட்டிருக்கு. நீயும் பேர் குடுத்துட்டியா? இதுக்கு மட்டும் பதில் எழுது.

ராஜு


மொரப்பூர்
12.7.2024

அன்புள்ள அண்ணிக்கு,

அன்பரசி வணக்கம் சொல்லி எழுதறேங்க. அத்தை நல்லா இருக்காங்க. உங்ககிட்ட இதைச் சொல்ல வேண்டாம்னாரு உங்க தம்பி. ஆனா அவரு கையால எழுத முடியாதப்ப நான் எழுதித்தானே ஆகணும்?

ஒம்பதாம் தேதி சாயந்திரம் இடி மழைங்க. கம்பத்துல ஏறியிருந்தவரு வழுக்கி விழுந்துட்டாரு. வலது கை எலும்பு முறிஞ்சு போச்சு. தருமபுரி ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டிருக்காங்க. பயப்பட ஒண்ணும் இல்லீங்க. அதே மழையில வூட்டுல இடி எறங்கி, கேபிள் பாக்ஸு, கம்ப்யூட்டர் ரெண்டும் கருகிப்போச்சு. ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அவரு கேட்ட முதல் கேள்வி, “எண்ணிக்கை எவ்வளவு?” என் மூஞ்சியைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டாரு.

“நீ போடு அன்பு”ன்னாரு. எனக்கு என்னங்க தெரியும்? நான் படிச்சது பன்னெண்டாவது.

அவரு பையில இருந்த உபரி பாக்ஸை மாட்டினேன். முகவரி பழசுதான் வந்துச்சு. பக்கத்துத் தெரு முருகேஷ் கடையில ஓரமாக் கெடந்த கம்ப்யூட்டரை வாங்கியாந்தேன். ஆஸ்பத்திரியில இருந்து அவரு போன்ல சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். பென்டிரைவ்ல இருந்த ரெண்டு கோப்புறையையும் உள்ள வச்சேன். ஓடுச்சு. ஆனா வலையில சேரவே இல்லீங்க. ஒரு நாள் முழுக்க ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துச்சு. அவரு என்னென்னமோ மாத்தச் சொன்னாரு. ஒண்ணும் ஆகல. பதினோராம் தேதி மதியம் அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படிச்சேன். நேரம்னு ஒரு சொல்லு இருந்துச்சு. மூலையில கடிகாரத்தைப் பார்த்தேன். 2015-ன்னு காட்டுதுங்க. ரொம்ப நாள் அணைஞ்சே கெடந்ததுல உள்ளார இருக்கிற பேட்டரி செத்திருக்கு. தேதியை மாத்தினேன். அவ்வளவுதாங்க. பத்து நிமிஷத்துல சேர்ந்துடுச்சு.

ஆறு மணி நேரம் அங்கியே உக்காந்திருந்தேன். நூத்தி நாப்பத்தி மூணுன்னு வந்துச்சுங்க அண்ணி. ரெண்டு நாளா கதவு மூடிக் கெடந்தும் அத்தனை பேரும் போகாம தட்டிக்கிட்டே நின்னிருக்காங்க. எனக்கு ஏன்னு தெரியல, எழுந்திருச்சுக் கும்பிட்டேன்.

உங்களைக் கேட்டுக்கிறது ஒண்ணுதாங்க. வந்துடுங்க.

அன்பரசி


மொரப்பூர்
25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டு பிரிச்சாச்சு. எழுத்து கோணலாத்தான் வரும், பொறுத்துக்கோ.

பேப்பர்ல போட்டிருந்த அந்த விமானத்துல நீ வர்றேன்னு நெனச்சு பெங்களூருக்குப் போனோம். அம்மாவும் வந்தாங்க. கண்ணாடிக் கதவைத் திறந்துக்கிட்டு காவேரிக்கா மட்டும் வந்தாங்க, ஏழு மாச வயித்தோட. எங்களைப் பார்த்ததும் அங்கியே நின்னுட்டாங்க.

“மேரியக்கா எங்கீங்க?”

“எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு சீட்டுதான் வந்துச்சுங்க. அது அவங்க பேருக்கு வந்த சீட்டு. போய்ப் பேரை மாத்திக் குடுத்துட்டாங்க. எனக்கு பஸ் ஏறும்போதுதான் தெரியும்.”

“கடிதம்?”

“எழுதலீங்க. எழுதினா அவன் அழுவான், நீயே சொல்லிடுன்னாங்க.”

கார்ல வரும்போது காவேரிக்கா எல்லாத்தையும் சொன்னாங்க. அடிபட்டு வர்றவங்க பேரை வெளியில சொல்லக் கூடாதுன்னு உங்களுக்கு உத்தரவாம். வெளியில இருக்கிற குடும்பத்துக்கு ஆள் இருக்கா, செத்துட்டாரான்னே தெரியாதாம். எக்ஸ்ரே ரூம்ல ஜெனரேட்டர் ஓடற ஒரு மணி நேரத்துல நீயும் டாக்டரும் உக்காந்து, உயிரோட இருக்கிறவங்க பேரை வரிசையா அடிச்சு ஒரு பக்கத்துல போடுவீங்களாம். அந்தப் பக்கத்தை அங்க யாரும் திறக்க முடியாது, நம்ம வூட்டு வழியாத் தவிர. அந்த நூத்தம்பது எழுத்தை மருந்துச் சீட்டுக்குப் பின்னால எழுதி, கட்டு மாத்த வர்றவங்க கையில குடுத்து விடுவீங்களாம். அதைப் பார்த்து இன்னொருத்தர் எழுதுவாங்களாம்.

“ஜூலையில ரெண்டு நாள் திறக்கலீங்க. ஆஸ்பத்திரியே போச்சுன்னு வெளியில அழுதிருக்காங்க. மூணாம் நாள் திறந்ததும் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்னுட்டாரு”ன்னாங்க காவேரிக்கா. முன்சீட்டுல அன்பரசி திரும்பியே பார்க்கல. தோள் மட்டும் குலுங்குச்சு.

வூட்டுக்கு வந்ததும் மெஷின் முன்னால உக்காந்தேன். நூத்தி எண்பத்தெட்டு. இத்தனை நாளா அதை எண்ணிக்கைன்னு நெனச்சிருந்தேன். ஒவ்வொருத்தரும் ஒரு அம்மா, ஒரு பொண்டாட்டி. ஒரே ஒரு பேரைத் தேடி வந்தவங்க. பேர் இருந்தா மறுநாளும் இருக்கான்னு பார்க்க வர்றாங்க. இல்லாட்டி, இன்னைக்காவது இருக்கான்னு வர்றாங்க. என்னால அந்தத் திரையை நேராப் பார்க்க முடியல, அக்கா. கோயில்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். திட்ட முடியல. அம்மா ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. “அவ பேரையும் அந்தப் பட்டியல்ல போடச் சொல்லு. நான் தெனம் பார்த்துக்கறேன்.”

அந்தப் பக்கத்தை எப்படித் திறக்கிறதுன்னு காவேரிக்கா சொல்லிக் குடுத்துட்டாங்க. அவங்க குடுத்த தொண்டு நிறுவன முகவரிக்கு இதை அனுப்பறேன். உன் கைக்கு வருமான்னு தெரியாது.

ராஜு


3.11.2024

அன்புத் தம்பிக்கும், அன்பரசிக்கும், அம்மாவுக்கும்,

நலம் என்று இந்தத் தடவை பெரிதாகவே எழுதுகிறேன். எடை ஒன்பது கிலோ குறைந்துவிட்டது. இடது காது கொஞ்சம் மந்தம். மற்றபடி முழுசாக இருக்கிறேன். இது துறைமுக நகரத்திலிருந்து எழுதுவது. சண்டை நிறுத்தம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இருபதாம் தேதி விமானம். இந்தச் சீட்டை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

அம்மா சொன்னதைச் செய்தேன். செப்டம்பரிலிருந்து பட்டியலின் கடைசியில் என் பெயரும் இருந்தது. நீ தினமும் அம்மாவுக்குத் திறந்து காட்டுவாய் என்று நினைத்தபடிதான் ஒவ்வொரு நாளும் அதை அடித்தேன்.

பாதைகள் திறந்த முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். விடிந்ததிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கழுதையில், லாரியில், நடந்து. கையில் கசங்கிய மருந்துச் சீட்டு. பலரும் யார் எந்தக் கட்டில் என்று கேட்கவே இல்லை, பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் கட்டில் எண்ணும் போட்டிருந்தோம். நேராகப் போய் நின்றார்கள். வார்டு முழுக்க ஒரே அழுகை. பத்து மாதமாக அழாத டாக்டர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். பட்டியலில் பெயர் இல்லாமல் போனவர்களின் வீட்டாரும் வந்தார்கள். அவர்களும் எங்களோடு உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள்.

பதினேழாம் கட்டில் பையனின் தாய் ஆறு நாள் நடந்து வந்தவள். காலில் செருப்பு இல்லை. மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். தினமும் அவன் பெயரைப் பார்த்தாளாம். ஜூலையில் இரண்டு நாள் மட்டும் பார்க்க முடியவில்லையாம். மூன்றாம் நாள் வந்தபோது தரையில் விழுந்து வணங்கினாளாம். எங்கே இருக்கிறவர்கள் இதைத் திறந்தது, எந்த ஊரை நினைத்து நான் வேண்டிக்கொள்வது என்று கேட்டாள். இனிச் சொன்னால் பாதகமில்லை. சொன்னேன்.

அவள் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். என் உதட்டையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். பிறகு மகனின் கட்டிலுக்குத் திரும்பிப் போய், அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்: மொ-ரப்-பூர்.

உன் அக்கா,
சகாயமேரி